தோற்கிற அணியை விட்டுப் போகலாமா? ஓக்லாண்ட் ரசிகர்களின் கதை

பேஸ்பாலில் ஒரு அணி ஒரு சீசனுக்கு 162 ஆட்டம் ஆடுகிறது. மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை, கிட்டத்தட்ட தினமும். அதில் 100 ஆட்டம் ஜெயித்துவிட்டால் அந்த வருஷத்தின் தலைசிறந்த அணிகளில் ஒன்று என்று பேர். அப்படிப்பட்ட அணியின் ரசிகரும் அறுபது ராத்திரி தோல்வியைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போக வேண்டும். மோசமான அணிகளின் கதை இன்னும் மோசம். 2024-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 41 ஜெயித்து 121 தோற்றது, 1900-க்குப் பிறகு எந்த அணியும் ஒரே சீசனில் அவ்வளவு தோற்றதில்லை. நடுவில் ஒரு கட்டத்தில் தொடர்ந்து 21 தோல்வி. மூன்று வாரத்துக்கு மேல் தினமும் ராத்திரி ஒரே முடிவைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த நிலைமையில் ஒரு ரசிகர் "போதும்டா சாமி, வேறு அணிக்கு மாறிவிடுகிறேன்" என்று சொன்னால் அவரைத் துரோகி என்பதா? என் கணக்கில் எத்தனை தோற்றது என்பது பெரிய விஷயமே இல்லை, ஏன் தோற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். அதைப் புரிந்துகொள்ள இந்த லீக் எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். இங்கிலாந்து கால்பந்தில் கடைசி மூன்று இடத்துக்குப் போகும் அணிகள் கீழ் லீக்குக்கு இறங்கிவிடும், வருமானம் அடிவாங்கும், அதனால் முதலாளிக்கு ஒரு பயம் இருக்கும். இங்கே அது கிடையாது. ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது, கடைசி இடத்தில் முடித்த அணி அடுத்த வருஷமும் அதே இடத்தில் அதே கம்பீரத்தோடு வந்து நிற்கும். தேசிய டிவி ஒப்பந்தப் பணம் 30 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது, பெரிய ஊர் அணிகளின் உள்ளூர் வருமானத்திலும் ஒரு பங்கு சின்ன ஊர் அணிகளுக்குப் போகிறது. போதாக்குறைக்கு, மோசமாக ஆடின அணிக்குத்தான் டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) நல்ல இளம் ஆட்டக்காரரை முந்தி எடுக்கும் வாய்ப்பு. ஆக, சம்பளத்தைக் குறைத்து, தோற்றுக்கொண்டே, லாபமும் பார்க்க முடியும். 2010-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் கணக்குகள் கசிந்து வெளியே வந்தபோது 2007, 2008 இரண்டு வருஷமும் சேர்த்து சுமார் 2.9 கோடி டாலர் லாபம் என்று தெரிந்தது. 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 சீசன் ஜெயித்ததைவிட அதிகம் தோற்ற அணி அது. பிட்ஸ்பர்க்காரர்கள் அந்த இருபது வருஷமும் 'ஏழை அணி, என்ன செய்வது' என்று பொறுத்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாத் தோல்வியும் இந்த ரகமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சில தோல்விகள் வேண்டுமென்றே ஒரு கணக்கோடு தோற்பது. 2011 கடைசியில் தியோ எப்ஸ்டைன் சிகாகோ கப்ஸ் அணியின் நிர்வாகத்துக்கு வந்தார், பழைய ஆட்டக்காரர்களை விற்று இளைஞர்களைச் சேர்த்தார், 2012-ல் அணி 101 ஆட்டம் தோற்றது. நாலு வருஷம் கழித்து, 2016-ல், 1908-க்குப் பிறகு முதல் தடவையாகக் கோப்பையை ஜெயித்தார்கள். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011, 2012, 2013 மூன்று வருஷமும் நூறுக்கு மேல் தோற்று 2017-ல் கோப்பைக்கு வந்தது (அந்தக் கோப்பையில் எதிரணி கேட்சர் பந்து வீசுகிறவருக்குக் காட்டும் சைகைகளைக் கேமரா வைத்துத் திருடிய கறை இருப்பது தனிக் கதை). இப்படித் தோற்பதை ஒரு தொழிலாகவே எல்லோரும் செய்ய ஆரம்பித்ததால்தான் 2023-லிருந்து டிராஃப்டின் முதல் சில இடங்களுக்குக் குலுக்கல் வைத்துவிட்டார்கள். திட்டம் இருக்கிற தோல்வியில் ரசிகருக்குக் கோபம் வரும், ஆனால் காத்திருக்க ஒரு காரணமும் இருக்கும்.

அந்த 2016 கோப்பையின்போது சிகாகோவில் நடந்ததைப் பார்த்தால் மனிதர்கள் ஏன் அணி மாறுவதில்லை என்பது பாதி புரிந்துவிடும். கப்ஸின் ரிக்லி ஃபீல்டு ஸ்டேடியத்தின் வெளிப்புறச் செங்கல் சுவரில் ஜனங்கள் சாக்பீஸால் பெயர்கள் எழுத ஆரம்பித்தார்கள், பெரும்பாலும் கப்ஸ் ஜெயிப்பதைப் பார்க்காமலே செத்துப்போன அப்பா, தாத்தா, பாட்டி, மாமா பெயர்கள். கை எட்டும் உயரம் முழுக்க நிரம்பியதும் தோளில் ஏறி மேலே எழுதினார்கள். ஒருவர் வட கரோலினாவிலிருந்து இண்டியானா வரை கார் ஓட்டிக்கொண்டு போய், கடைசி ஆட்டத்தின் ரேடியோ வர்ணனையை அப்பாவின் கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். இவர்களிடம் போய் நியூயார்க் யாங்கீஸ் 27 தடவை ஜெயித்திருக்கிறதே, அதற்கு மாறியிருக்கலாமே என்று கேட்டால் முறைப்பார்கள், முறைக்கவும் வேண்டும்.

ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1976-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தப் பேச்சில் தவறாமல் வரும். அமெரிக்கக் கால்பந்தில் பேர்போன சில பல்கலைக்கழகங்களில், சனிக்கிழமை ஆட்டம் முடிந்து திங்கட்கிழமை வகுப்புக்கு வரும் மாணவர்கள் என்ன போட்டிருக்கிறார்கள் என்று எண்ணினார்கள். தங்கள் அணி ஜெயித்திருந்தால் பல்கலைக்கழகப் பெயர் போட்ட சட்டை அதிகம் கண்ணில் பட்டது, தோற்றிருந்தால் குறைந்தது. ஜெயித்த அணியின் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நின்றுகொள்ள எல்லோருக்கும் ஆசை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சட்டை அலமாரியில்தான் இருக்கிறது, அடுத்த வாரம் ஜெயித்தால் வெளியே வரும். அலமாரியில் வைப்பது வேறு, குப்பையில் போட்டுவிட்டு எதிரணிச் சட்டை வாங்குவது வேறு. பின்னால் சொன்னதைச் செய்கிறவர்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி 1958-ஆம் வருஷத்து நியூயார்க். 1957 சீசன் முடிந்ததும் புரூக்ளின் டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் நியூயார்க் ஜயன்ட்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் கிளம்பிவிட்டன. மூன்று அணி இருந்த ஊரில் யாங்கீஸ் மட்டும் மிச்சம், அதுவும் அந்த வருஷம் கோப்பை ஜெயித்த யாங்கீஸ். அணியில்லாமல் நின்ற லட்சக்கணக்கான ரசிகர்கள் அங்கே போயிருக்க வேண்டும் இல்லையா? போகவில்லை. யாங்கீஸ் ஆட்டங்களுக்கு 1957-ல் வந்தவர்கள் சுமார் 15 லட்சம், 1958-ல் அது 14.3 லட்சமாகக் குறைந்தது. ஜெயிக்கிற அணி பக்கத்திலேயே இருக்கிறது, டிக்கெட்டும் கிடைக்கிறது, இவர்களுக்கு வேண்டாம். அப்புறம் 1962-ல் மெட்ஸ் என்று ஒரு புது அணி வந்தது, டாட்ஜர்ஸின் நீலமும் ஜயன்ட்ஸின் ஆரஞ்சும் கலந்த உடையில். முதல் சீசனில் 40 வெற்றி, 120 தோல்வி, மகா மட்டமான ஆட்டம். அதைப் பார்க்க 9 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அதாவது அணியை இழந்தவர்கள் நாலு வருஷம் கழித்து மாறித்தான் போனார்கள், ஆனால் உலகத்திலேயே அதிகம் தோற்கிற அணிக்கு.

சரி, ஓக்லாண்டுக்கு வருவோம்.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் ஊர். அத்லெடிக்ஸ், சுருக்கமாக ஏஸ், 1968-ல் அங்கே வந்தது (அதற்கு முன் ஃபிலடெல்ஃபியா, கன்சாஸ் சிட்டி என்று இரண்டு ஊரை விட்டு வந்த அணி, பழக்கம் புதிதல்ல). 1972, 73, 74 மூன்று வருஷமும் தொடர்ந்து கோப்பை, 1989-ல் இன்னொன்று. லீவைஸ் ஜீன்ஸ் கம்பெனியின் ஹாஸ் குடும்பம் அணியை வைத்திருந்த காலத்தில், 1990-ல் மட்டும் 29 லட்சம் பேர் ஸ்டேடியத்துக்கு வந்தார்கள். 'ஓக்லாண்டில் கூட்டம் வராது' என்று பின்னால் சொன்னவர்கள் எல்லாம் இந்த எண்ணை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள். 2019-ல் ஒரே ஒரு ப்ளே-ஆஃப் ஆட்டத்துக்கு 54,005 பேர் வந்தார்கள்.

ஸ்டேடியம் மோசம், அதை ஓக்லாண்ட்காரர்களே மறுக்க மாட்டார்கள். கொலிசியம் 1966-ல் திறந்த கான்கிரீட் கிண்ணம், சாக்கடை பொங்கி ஆட்டக்காரர்களின் அறைக்குள் வந்ததுண்டு, வர்ணனையாளர் அறைக்குள் பொஸம் என்ற எலி மாதிரி விலங்கு ஒன்று குடியேறி, அந்த வாசத்தில் எதிரணி வர்ணனையாளர்கள் வேறு அறைக்கு மாறியதும் உண்டு. இப்போதைய முதலாளி ஜான் ஃபிஷர் 2005-ல் உள்ளே வந்தார். கேப் துணிக்கடை நிறுவனரின் மகன், காசுக்குப் பஞ்சமில்லை. புது ஸ்டேடியம் கட்டுகிறோம் என்று முதலில் நம்மவர்கள் நிறைய வசிக்கும் ஃப்ரீமான்ட்டைக் காட்டினார்கள், அது நடக்கவில்லை. பிறகு சான் ஹோசே. அதை எதிர்க்கரை ஜயன்ட்ஸ் தடுத்தது, ஏனென்றால் அந்த மாவட்டத்தின் உரிமை லீக் கணக்கில் ஜயன்ட்ஸுடையது. அந்த உரிமை அவர்களுக்கு எப்படி வந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்: 1990-களின் தொடக்கத்தில் ஜயன்ட்ஸ் அந்தப் பக்கம் போக நினைத்தபோது, ஏஸ் முதலாளியாக இருந்த வால்டர் ஹாஸ் நல்ல மனசோடு காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தது அது. சான் ஹோசே நகரம் வழக்குப் போட்டுப் பார்த்தது. பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டம் பொருந்தாது என்று 1922-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நிற்கிறது, 2015-ல் இந்த வழக்கை விசாரிக்கவே அந்த நீதிமன்றம் மறுத்துவிட்டது. இப்படி ஒரு சட்டப் பாதுகாப்பு இருக்கும்போது ரசிகரின் விசுவாசத்துக்கு விலை எங்கிருந்து வரும்?

2021-ல் அணி 86 ஆட்டம் ஜெயித்தது, நல்ல அணிதான். அந்த சீசன் முடிந்ததும் மேட் ஆல்சன், மேட் சாப்மன், கிறிஸ் பாஸிட், ஷான் மனாயா என்று வரிசையாக விற்றார்கள், 2022 கடைசியில் ஷான் மர்ஃபியும் போனார். ஆட்டக்காரர்களை விற்ற அதே நேரத்தில் சீசன் டிக்கெட் விலையை, சில இடங்களில் இரண்டு மடங்காக, ஏற்றினார்கள். சரக்கைக் குறைத்து விலையை ஏற்றினால் எந்தக் கடையிலும் கூட்டம் குறையும், இங்கேயும் குறைந்தது. 2022-ல் 102 தோல்வி, 2023-ல் 112. 2022-ல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரிக் கூட்டம் பத்தாயிரத்துக்குக் கீழே போனது. இவ்வளவும் நடக்கும்போது அணியின் விளம்பர வாசகம் 'ஓக்லாண்டில் வேரூன்றியவர்கள்'. 2023 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் நிலம் பார்த்துவிட்டதாக அறிவித்தார்கள்.

ரசிகர்கள் மாட்டிக்கொண்ட பொறி இதுதான். கோபத்தில் ஸ்டேடியத்துக்குப் போகாமல் இருந்தால் 'பார்த்தீர்களா, இந்த ஊரில் ஆளே வருவதில்லை, வேறு ஊருக்குப் போவதைத் தவிர வழியில்லை' என்று காலி நாற்காலிகளைப் படம் எடுத்துக் காட்டுவார்கள். போனாலோ, டிக்கெட், பார்க்கிங், பீர் என்று அதே முதலாளியின் பைக்குத்தான் காசு. புறக்கணிப்பு என்ற, வாடிக்கையாளரின் கையில் இருக்கும் ஒரே ஆயுதத்தையும் அவருக்கு எதிராகவே திருப்பிவிட்ட ஏற்பாடு.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை, ஒரு சாதாரண ஆட்டம், எதிரே டாம்பா பே ரேஸ். அன்றைக்கு மட்டும் எல்லோரும் வருவது, ஸ்டேடியத்தை நிரப்புவது, கூட்டம் இருக்கிறது, பிரச்சினை முதலாளிதான் என்று ஊருக்குக் காட்டுவது. புறக்கணிப்பைத் தலைகீழாகப் போட்டார்கள். வாசலில் ரசிகர் குழுக்கள் பச்சை டி-ஷர்ட்டுகளை இலவசமாகக் கொடுத்தன, நெஞ்சில் 'விற்றுவிடு' என்ற பொருளில் ஒரே ஒரு வார்த்தை. சியால்டினி எண்ணிய சட்டைகளுக்கு நேர் எதிர் ரகம் இது, கடைசி இடத்து அணிக்காக ஆயிரக்கணக்கானோர் மாட்டிக்கொண்ட சட்டை. வந்தவர்கள் 27,759 பேர். ஐந்தாவது இன்னிங்ஸில் முதல் பேட்டர் நின்றபோது ஸ்டேடியம் முழுக்க வாயை மூடிக்கொண்டு அமைதியாக இருந்தது, அவர் முடித்ததும் 'அணியை விற்றுவிடு' என்று ஒரே கத்தல். ஏஸ் 2-1 என்று ஜெயித்தது, வரிசையாக ஏழாவது வெற்றி, அந்த சீசனில் அப்படி ஒன்று நடந்ததை இன்றும் நம்ப முடியவில்லை. லீக் கமிஷனர் ராப் மேன்ஃபிரட் இரண்டு நாள் கழித்து, ஒரு ராத்திரிக்காவது சராசரிக் கூட்டம் வந்ததே, சந்தோஷம் என்கிற மாதிரி நக்கலாகப் பேசினார். நவம்பரில் மற்ற முதலாளிகள் எல்லோரும் ஒருமனதாக இடமாற்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள்.

2024 செப்டம்பர் 26, கொலிசியத்தில் கடைசி ஆட்டம், 46,889 பேர், டெக்ஸஸ் ரேஞ்சர்ஸை 3-2 என்று ஜெயித்தார்கள். இரண்டு கூட்டத்தையும் வைத்துப் பார்த்தால் ஓக்லாண்ட் ரசிகர்கள் தோல்வியால் ஓடிப்போனார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 112 தோல்வி கண்ட வருஷத்திலும் வந்தார்கள். அவர்கள் நிறுத்தியது தங்களை மதிக்காதவருக்குக் காசு கொடுப்பதை.

இப்போது அவர்கள் மாறுவதென்றால் எங்கே மாறுவது? பக்கத்தில் இருப்பது ஜயன்ட்ஸ், பாலம் தாண்டினால் போதும், அழகான ஸ்டேடியம், 2010, 2012, 2014 என்று மூன்று கோப்பை. ஆனால் சான் ஹோசே கதவை அடைத்தது அவர்கள்தான், அதைவிட முக்கியமாக நாற்பது ஐம்பது வருஷமாக எதிரியாகப் பார்த்த நிறம் அது. சிலர் போயிருக்கிறார்கள், குழந்தைகளுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டம் நேரில் காட்ட வேண்டும் என்று போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சிலர் அணியோடே போனார்கள். அது இப்போது சாக்ரமென்டோவில் சுமார் 14,000 பேர் கொள்ளும் ஒரு மைனர் லீக் மைதானத்தில், பெயரில் எந்த ஊரும் இல்லாமல் வெறும் அத்லெடிக்ஸ் என்று ஆடிக்கொண்டிருக்கிறது. கொடுமை என்னவென்றால் அங்கே போனதும் அணி தேறிவிட்டது. 2025-ல் 76 வெற்றி. நிக் கர்ட்ஸ் என்ற 22 வயதுப் பையன் ஜூலை 25 அன்று ஒரே ஆட்டத்தில் நாலு ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தான், வருஷக் கடைசியில் சிறந்த புதுமுகம் விருதும் வாங்கினான். ஓக்லாண்டில் 112 தோல்வியைத் தாங்கியவர்களுக்குத்தான் நியாயமாக அந்த நாலு ஹோம் ரன் சேர வேண்டும்.

மூன்றாவது வழிதான் 1962 மெட்ஸை எனக்கு ஞாபகப்படுத்துகிறது. ஓக்லாண்ட் பாலர்ஸ் என்று ஒரு புது அணியைத் தொடங்கினார்கள், மேஜர் லீக் அணி எதற்கும் கீழே வராத அணிகள் ஆடும் பயனியர் லீக்கில். மேற்கு ஓக்லாண்டின் ரைமண்டி பூங்காவைச் சீர்செய்து 2024-லிருந்து அங்கே ஆடுகிறார்கள். ரசிகர்களிடமே சின்னச் சின்னத் தொகையாகப் பங்கு விற்றார்கள், இரண்டாயிரம் பேருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். ஆட்டத்தின் தரம் மேஜர் லீக் பக்கத்தில்கூட வராது, வருவதாக யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் 2025-ல் அந்த லீக்கின் கோப்பையை ஜெயித்தார்கள். இதை அணி மாறுவது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊர், உடன் உட்கார்ந்த ஆட்கள், வலது பக்க கேலரியின் மேளச் சத்தம், இதெல்லாம்தான் அவர்களுக்கு அணியாக இருந்தது. லீக்கின் முத்திரை போட்ட சான்றிதழை எடுத்துக்கொண்டு ஒருவர் கிளம்பிவிட்டார், மற்றதை இவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

சிகாகோ ஒயிட் சாக்ஸ் ரசிகரின் நிலைமை வேறு. முதலாளி ஜெரி ரைன்ஸ்டார்ஃப் 1981-லிருந்து இருக்கிறார், அவரும் லேசுப்பட்டவர் இல்லை. 1988-ல் ஃபுளோரிடாவுக்குப் போய்விடுவேன் என்று மிரட்டி இலினாய் சட்டசபையிடம் புது ஸ்டேடியத்துக்குப் பணம் வாங்கினார், கெடு முடியும் நள்ளிரவில் சபைக் கடிகாரத்தை நிறுத்தி வைத்து ஓட்டெடுப்பு நடத்தினார்கள். ஆனால் 2005-ல் ஒரு கோப்பையும் வந்தது, அணி அதே ஊரில்தான் இருக்கிறது. அதைவிட, ஜஸ்டின் இஷ்பியா என்பவருக்கு அணியைக் கைமாற்ற 2025-ல் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள், ரைன்ஸ்டார்ஃப் விரும்பினால் 2029-லிருந்து விற்கலாம், 2034 சீசனுக்குப் பிறகு வாங்கிக்கொள்ளும் உரிமை இஷ்பியாவுக்கு வந்துவிடும். நான் அந்த ஊர்க்காரனாக இருந்தால் போக மாட்டேன், காத்திருப்பேன். அதுவரை ஆட்டத்தை டிவியில் பார்ப்பேன், டிக்கெட்டுக்கு மட்டும் கையை நீட்ட மாட்டேன். இந்த அணிக்கு இருக்கும் ஒரு ரசிகரையும் சொல்ல வேண்டும். 2005-ல் அந்தக் கோப்பைக்கான கடைசித் தொடரான உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்த சிகாகோ பாதிரியார் இப்போது போப் பதினான்காம் லியோ. 2025 ஜூனில் வாட்டிகனில் மக்கள் முன்னால் ஒயிட் சாக்ஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றார். அந்த சீசனும் 102 தோல்வி.